சித்தியோட கோப்பைல கட்டின சிவப்பு நூல்

எங்க ஊர் இலங்கை மலையகத்துல மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். சித்தி கல்ஃப்ல வீட்டு வேலைக்கு ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்தவங்க, திரும்பப் போறதுக்கு மெடிக்கல் எடுத்தப்ப எச்ஐவி பாசிட்டிவ்னு வந்திச்சு. அந்த ரிப்போர்ட் இருந்தா விசா கிடையாது, அங்க இருக்கும்போது தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க. ஏஜென்சிக்காரர் பேப்பர கையில குடுத்ததோட சரி, எங்க போய் காட்டணும்னு ஒரு வார்த்தை சொல்லல.

எப்படித்தான் தெரிஞ்சிச்சோ, ஒரு கிழமைக்குள்ள நாங்க இருக்கிற வரிசை வீடு, லயம் முழுக்க அதே பேச்சு. தண்ணி பிடிக்கிற பீலில சித்தி குடத்த வச்சா மத்தவங்க தங்க குடத்த எடுத்துகிட்டு தள்ளி நிப்பாங்க. வெளியாள ஏசி என்ன, எங்க வீட்டுலயே சித்தி குடிக்கிற கோப்பை கைப்பிடில அம்மாச்சி சிவப்பு நூல் கட்டி வச்சிருந்தாங்க, மாறிடக் கூடாதுனு. எனக்கு அப்ப பதிமூணு வயசு, நானும் அந்த நூல பாத்து பாத்துதான் என் கோப்பைய எடுத்தேன். கோப்பையால இது பரவாதுனு சொல்லித்தர அன்னைக்கு ஒருத்தரும் இல்ல.

மருந்து அரசாங்க கிளினிக்ல இலவசம்தான். ஆனா கிட்டத்துல போனா நம்மாளு யாராச்சும் பாத்திருவாங்கன்னு கண்டிக்கு போவாங்க, விடிய முந்தி பஸ் ஏறணும், அன்னைக்கு வேலைக்கு பேர் விழாது, சம்பளம் போச்சு. ஏன் வரலனு கேட்டா பல்லு வலினு சொல்லுவாங்க. எத்தனை தடவைதான் பல்லு வலிக்கும்?

1995ல விபத்துல அடிபட்டு, ஏத்தின ரத்தத்தால எச்ஐவி வந்த குழந்தை மருத்துவர் கமலிகா அபேரத்ன, எனக்கு இருக்குனு வெளிய சொல்லி எல்லாருக்கும் மருந்து வேணும்னு போராடினாங்க. டாக்டருக்கே அவ்வளவு கஷ்டம்னா கொழுந்து எடுக்கிற பொம்பள எப்படி வாய் திறக்கிறது?

//

தங்கச்சி, வாசிச்சு அழுதுட்டேன். நான் கண்டிதான். 2016ல குளியாப்பிட்டியில எச்ஐவினு வதந்தி கிளம்பி ஒரு சின்னப் பையன ஸ்கூல்ல சேக்க விடல, டெஸ்ட்ல நெகட்டிவ்னு வந்தும் மத்த பெற்றோர் கேக்கல, கடைசில இங்க ட்ரினிட்டி கல்லூரிதான் சேத்துகிட்டாங்க. தாய்கிட்டருந்து பிள்ளைக்கு தொத்துறத ஒழிச்ச நாடுன்னு 2019ல உலக சுகாதார நிறுவனம் நமக்கு சான்று குடுத்திச்சு. நோய அப்படி நிப்பாட்டத் தெரிஞ்ச நமக்கு வாய நிப்பாட்டத் தெரியல. சித்தி இப்ப எப்படி?

//

நல்லா இருக்காங்க அக்கா. ஒழுங்கா மருந்து எடுத்து ரத்தத்துல வைரஸ் தெரியாத அளவுக்கு குறைஞ்சிட்டு, இனி உடலுறவால கூட அடுத்தவங்களுக்கு தொத்தாதுனு டாக்டர் சொன்னாராம். இன்னும் கொழுந்து எடுக்க மலைக்குப் போறாங்க. மாத்திரைய மட்டும் இப்பவும் பேப்பர்ல சுத்தி கொத்தமல்லி டின்னுக்குள்ளதான் வைக்கிறாங்க.