தட்டோன் (மியான்மர்) சித்தப்பா மாத்திரை விஷயம்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு நாள்

பத்மா, காலை 6:41
(பலமுறை பகிரப்பட்டது) மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களே உஷார்!! தயோரிடசின், ஹாலோபெரிடால், குளோசபின், ஒலான்சபின் எல்லாம் இதயத்தை நிறுத்திவிடும். இன்றே நிறுத்துங்கள். தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள் 🙏

பத்மா, 6:43
குமரா, தம்பி சாப்பிடுவது இதில் இருக்கிறதா பார். நேற்று போனில் அவன் குரலே சரியில்லை.

குமரன், 6:58
இரண்டு இருக்கிறது அத்தை. ஹாலோபெரிடால், ஒலான்சபின். அப்பாவுக்கு முந்தாநாளிலிருந்து வாந்தியும் வயிற்றுப்போக்கும். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்கிறார்.

பத்மா, 6:59
அப்புறம் என்ன யோசனை? நிறுத்து. பீலிகான் முனீஸ்வரர் பார்த்துக்கொள்வார்.

சரசு, 7:04
அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள். போன தடவை நிறுத்தியபோது ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு மோல்மீன் ரோட்டில் நடந்தவரைத் தேடிப் பிடித்தது நானும் பிள்ளையும்தான். நிறுத்து என்று சொல்வது சுலபம்.

சேகர், 7:06
காலையிலேயே ஆரம்பிக்காதீர்கள். மலர் எங்கே? மருந்துக்கடையில் வேலை செய்கிற பிள்ளை, அதைக் கேட்போம்.

மலர், 7:21
இப்போதுதான் பார்த்தேன் மாமா, யாங்கோனில் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. குமரா, வாந்திக்கு யாரிடம் காட்டினீர்கள்? என்ன கொடுத்தார்கள்? அட்டையைப் படம் எடுத்துப் போடு.

குமரன், 7:25
பக்கத்து கிளினிக். (படம்) ஆன்டிபயாடிக் அசித்ரோமைசின், வாந்திக்கு டாம்பெரிடோன். நேற்று ராத்திரி வாங்கினேன். இன்னும் கொடுக்கவில்லை.

மலர், 7:26
கொடுக்காதே. பொறு, தட்டச்சு செய்கிறேன்.

மலர், 7:34
இதயம் ஒவ்வொரு தடவை துடித்த பிறகும் அடுத்த துடிப்புக்குத் தயாராகக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஹாலோபெரிடால் அந்த நேரத்தை நீட்டும். ஈசிஜியில் க்யூடி என்று அளப்பது இதைத்தான். தனியாக, சாதாரண அளவில் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அசித்ரோமைசினும் அதே வேலையைச் செய்யும், டாம்பெரிடோனும் செய்யும். டாம்பெரிடோனுக்கு இதயத்தை முன்னிட்டே 2014இல் ஐரோப்பாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். போதாததற்கு வாந்தி, பேதியில் உடம்பிலுள்ள பொட்டாசியம் வெளியே போயிருக்கும். பொட்டாசியம் குறைந்தாலும் க்யூடி நீளும். நான்கும் ஒரே நாளில் சேரக்கூடாது.

மலர், 7:35
அந்த கிளினிக் டாக்டருக்கு சித்தப்பா மனநல மாத்திரை சாப்பிடுவது தெரியுமா?

குமரன், 7:37
தெரியாது அக்கா. தெரு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சொல்ல வேண்டாம் என்று அப்பா கண்ணைக் காட்டினார்.

மலர், 7:40
இதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. வாயால் சொல்ல வேண்டாம், மாத்திரை அட்டையை அப்படியே டாக்டர் மேசையில் வைத்துவிடு. இப்போது போன் செய்து சொல். இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஈசிஜியும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும், நாளைக்கு இல்லை. அதுவரை ஓஆர்எஸ் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு, அதிலும் பொட்டாசியம் இருக்கிறது. இன்று ராத்திரி மாத்திரை போடலாமா என்று ஈசிஜியைப் பார்த்த டாக்டர் சொல்லட்டும். நாமாக நிறுத்துவதில்லை.

மலர், 7:41
எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவது ரத்த அழுத்தம் இறங்குவதாலும் இருக்கலாம், இந்த மாத்திரைகளில் அது சகஜம். உட்கார்ந்த இடத்திலேயே மயங்கிச் சரிந்தால் கதை வேறு. நேராக அவசரப் பிரிவு.

சேகர், 7:50
அப்படியானால் பத்மா அனுப்பிய செய்தி உண்மைதானே?

பத்மா, 7:50
கேளுங்கள் நன்றாக!

மலர், 8:02
கால்வாசி உண்மை அத்தை. தயோரிடசினை இதே க்யூடி காரணத்துக்காக 2005இல் தயாரித்த கம்பெனியே உலகம் முழுக்க நிறுத்திவிட்டது. குளோசபினில் இதயத் தசை வீங்கும் ஆபத்து உண்டு. அது பெரும்பாலும் ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்துக்குள் வருவது, அதனால்தான் அப்போது ரத்தம், துடிப்பு எல்லாம் அடிக்கடி பார்ப்பார்கள். சித்தப்பா இந்த இரண்டையும் தொட்டதே இல்லை. எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டு "இன்றே நிறுத்துங்கள்" என்று எழுதியவனைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பின்லாந்தில் மனச்சிதைவு நோயாளிகளை 20 வருடம் வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். மாத்திரை சாப்பிட்ட காலத்தில்தான் சாவு குறைவு, இதய நோய்ச் சாவும் சேர்த்து.

பத்மா, 8:05
(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

சேகர், 8:06
நீக்கிவிட்டாள் 😄

மலர், 8:15
உண்மையைச் சொன்னால் எனக்குப் பெரிய பயம் க்யூடி இல்லை, சித்தப்பாவின் வயிறு. ஒலான்சபின் பசியைத் தூண்டும், எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஏற்றும். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னாலேயே போய்விடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதில் இதய நோய்க்குப் பெரிய பங்கு. ஒரே நாளில் வருவதில்லை என்பதால் யாரும் இதைப் பகிர்வதில்லை. சித்தி, கடைசியாக சர்க்கரை எப்போது பார்த்தீர்கள்?

சரசு, 8:21
ஞாபகம் இல்லை மலர். ராத்திரி பதினொரு மணிக்கு எழுந்து சோற்றுப்பானையைத் திறக்கிறார். நான் என்ன செய்ய, கையைத் தட்டிவிடவா? கெட்டியான இனிப்புப் பால் ஊற்றிய டீ வேறு, ஒரு நாளைக்கு எத்தனை என்று கணக்கே இல்லை. சுருட்டு, குன்யா (வெற்றிலைப் பாக்கு) தனி.

மலர், 8:26
பேராசை இல்லை சித்தி, மருந்து செய்கிற வேலை. திட்டாதீர்கள். பானையில் மிச்சம் இல்லாமல் பாருங்கள், வெள்ளரிக்காயும் வெறும் தேநீரும் எடுத்து வையுங்கள். எடை ரொம்ப ஏறியிருந்தால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சேர்ப்பது உண்டு, வேறு மாத்திரைக்கு மெதுவாக மாற்றுவதும் உண்டு. அது மனநல டாக்டர் முடிவு. சுருட்டை விடுவது நல்லது, ஆனால் விடும் முன் அவரிடம் சொல்ல வேண்டும். சுருட்டுப் புகை உடம்பிலிருந்து ஒலான்சபினைச் சீக்கிரம் வெளியேற்றும். திடீரென்று விட்டால் அதே மாத்திரை ரத்தத்தில் கூடிப்போகும்.

சேகர், 8:28
இது புதுசாக இருக்கிறதே!

குமரன், பிற்பகல் 1:47
ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். க்யூடி 468. பொட்டாசியம் குறைவு. அப்பாவைப் படுக்க வைத்து டிரிப் போடுகிறார்கள்.

பத்மா, 1:48
ஐயோ, 468 என்றால் என்ன?

மலர், 1:52
ஆண்களுக்கு 450 மில்லி விநாடி வரை சரி என்பார்கள். 500 தாண்டினால்தான் துடிப்பு தாறுமாறாகும் பயம் அதிகம். இது கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். நல்லவேளை அந்த இரண்டு மாத்திரையும் உள்ளே போகவில்லை. டாக்டர் என்ன சொன்னார்?

குமரன், 2:10
இரண்டும் வேண்டாம் என்றார், ஆன்டிபயாடிக்கே தேவையில்லையாம். ஒலான்சபின் வழக்கம்போல. ஹாலோபெரிடால் இன்று மட்டும் வேண்டாம். மனநல டாக்டரிடம் அவரே போனில் பேசினார், இனி அது தேவையா என்று அடுத்த வாரம் பார்க்கிறார்கள். சாயங்காலம் மறுபடி ஈசிஜி. நாளைக் காலை வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு.

பத்மா, 2:12
செலவுக்கு நான் அனுப்புகிறேன். எத்தனை லட்சம் சாட் பணம் ஆனாலும் சரி, தம்பியிடம் சொல்லாதே.

குமரன், 2:15
சரி அத்தை. அப்பா கேட்கிறார், ரத்தம் எடுக்கும் முன் ஒரு டீ மட்டும் குடிக்கலாமாம்.

மலர், 2:15
கூடாது. தண்ணீர் மட்டும்.