திருவிருந்து ஆயத்தம்: 240 பேருக்குத் திராட்சரசம் எவ்வளவு? மீந்தால் என்ன செய்வது?

மேசைப்பணி
ஸ்தோத்திரம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. பெரிய வியாழன் ராத்திரி திருவிருந்துக்கு (அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற ஆராதனைக்கு) ஏறக்குறைய 240 பேர் வருவார்கள். மேசை ஆயத்தம் இந்த முறை என் பொறுப்பு. எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிக்கிற பொதுப்பாத்திரம்தான், ஆனால் ஆளுக்கொரு சிறு கிண்ணத்துக்கு மாறலாமா என்று கமிட்டியில் பேச்சு இருக்கிறது. ரசம் எவ்வளவு வேண்டும்? மீந்ததை எங்கே ஊற்றுவது? இன்னொன்று: பெரியவர்கள் சிலர் "அபாத்திரமாய்ப் (தகுதியில்லாமல்) புசிக்கக் கூடாது" என்று சொல்லி, திருவிருந்து வாங்க முழங்காலிடும் கிராதிக்கே வருஷக்கணக்கில் வருவதில்லை. அவர்களுக்கு என்ன பதில்?

கிராதியோரம்
பொதுப்பாத்திரத்தில் ஒருவர் எடுப்பது ஒரு மிடறு, அதாவது 4 மில்லி அளவு. 240 பேருக்கு ஒரு லிட்டர் போதும். சிறு கிண்ணம் என்றால் ஒன்றுக்கு 8 மில்லி வைத்தாலும் இரண்டு லிட்டர் ஆகிவிடும். 40 குழி உள்ள தட்டு என்றால் ஆறு தட்டு. கிண்ணத்தைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். முழங்காலில் நிற்கிறவர் கையில் தளும்பினால் வேட்டியிலும் சேலையிலும்தான் விழும்.

ஒரே பாத்திரத்தை நிறைய ஊற்றித் தூக்காதீர்கள். இரண்டு பாத்திரம், ஒவ்வொன்றிலும் 300 மில்லி. மிச்சம் மூடியுள்ள குடுவையில், அதே மேசையில் இருக்கட்டும். பலர் தவறுவது இங்கேதான். குடுவை உள்ளறையில் இருந்துவிட்டு, ரசம் தீர்ந்த பிறகு வந்தால், ஆயர் அதற்கென்று ஸ்தாபக வார்த்தைகளை (கடைசி இராப்போஜனத்தில் இயேசு சொன்னவற்றை) மறுபடி சொல்ல வேண்டிவரும். ஆங்கிலிக்கன் சபையின் 1662 பொது ஜெபப் புத்தகத்திலேயே இதற்குக் குறிப்பு உண்டு.

அப்பத்தைப் பத்துப் பத்தாக எண்ணி வையுங்கள்: 240, கூட 20, பிட்பதற்குப் பெரிய அப்பம் ஒன்று. ரொட்டித் துண்டு என்றால் ஓரத்தை வெட்டிவிட்டு, அன்று காலையில் வாங்கியதாக இருக்கட்டும். முந்தின நாள் ரொட்டி உதிர்ந்து தட்டெல்லாம் பொடியாகும், பிறகு அந்தப் பொடியை யார் பொறுக்குவது?

நேரம்: கிராதியில் வரிசைக்கு 12 பேர் என்றால் 20 வரிசை. அப்பம் கொடுப்பவர் வேகமாகப் போய்விடுவார், பாத்திரம்தான் பின்தங்கும். அதனால் அப்பத்துக்கு ஒருவர், பாத்திரத்துக்கு இருவர் என்று வைத்தால் 40 நிமிஷத்தில் முடியும். ஒவ்வொருவர் குடித்த பிறகும் வெள்ளைத் துணியால் விளிம்பை உள்ளும் புறமும் துடைத்து, பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை.

மீந்தது: ஆசீர்வதித்ததை ஆயரும் உதவியாளர்களும் அங்கேயே உட்கொண்டுவிட வேண்டும். பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிப்பது பழைய முறை. சிறு கிண்ணங்களைக் கழுவும் முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல், ஆள் மிதிக்காத செடியடியில் ஊற்றுங்கள். மேசைக்கு வராத புட்டி வேறு கணக்கு, அது சாதாரண ரசம்தான்.

குருமாணவன்
அளவு சரி. அந்த "அபாத்திரமாய்" பற்றி மட்டும் சொல்கிறேன்.

1 கொரிந்தியர் 11:27 ஆளின் தகுதியை அளக்கவில்லை, புசிக்கிற விதத்தைச் சொல்கிறது. கிரேக்க மூலத்திலும் அது வினையை விசேஷிக்கிற சொல். என்ன விதம் என்பது 21, 22 வசனங்களில் இருக்கிறது: வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவன் பசியோடு நிற்கிறான். நிருபத்தை எழுதிய பவுலின் கோபம் அதன்மேல். 28ஆம் வசனமும் "தன்னைத்தானே சோதித்தறிந்து" விலகி நிற்கச் சொல்லவில்லை, புசிக்கச் சொல்கிறது. பாவம் இல்லாதவர் மட்டும் வரலாம் என்றால் ஆயரே கிராதிக்குள் நிற்க முடியாது.

ஒருவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால், அது உண்மையான தடை. நம் ஆராதனை முறையில் காணிக்கைக்கு முன் சமாதானம் கொடுப்பது அதற்காகத்தான். உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்துக் கைமாற்றுகிற அந்தப் பழக்கம், 1950இல் வந்த நம் ஆராதனை முறைக்குள் கேரளத்துச் சிரியன் சபைகளிலிருந்து எடுக்கப்பட்டது. அதை அவசரமாகத் தலையாட்டி முடித்துவிடுகிற சபையில்தான் "எனக்குத் தகுதி இல்லை" என்கிற பேச்சும் அதிகம் என்பது என் எண்ணம்.

சிறு கிண்ணம் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே நிருபத்தில் 10:16, 17 வசனங்களை வாசித்துவிட்டு முடிவெடுங்கள். ஒரே அப்பம் என்பதால் நாம் ஒரே சரீரம் என்கிறார். கிண்ணத்துக்குப் போனாலும் அப்பத்தையாவது எல்லார் முன்பாகவும் பிட்கட்டும்.

பூசைக்கு உதவுபவர்
கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்களுக்குக் கோதுமை அப்பமும் திராட்சையிலிருந்து புளித்த ரசமும் கட்டாயம். புளிக்காத சாறுக்குத் தனி அனுமதி வேண்டும். கோதுமைப் பசை (குளூட்டன்) ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக்கூடப் பசை முழுவதும் நீக்கிய அப்பம் செல்லாது, குறைத்தது மட்டும் உண்டு. உங்களில் அப்படி யாராவது இருந்தால் அவருடைய அப்பத்தைத் தனிச் சிறு தட்டில் வையுங்கள், மற்ற அப்பத்தின் பொடி படக் கூடாது.

மேசைப்பணி
நன்றி. ரசத்தை நாங்களே காய்ச்சுகிறோம். போன தடவை புட்டி மூடி தெறித்துவிட்டது, ஏன்?

கிராதியோரம்
புளித்திருக்கிறது. திராட்சைத் தோலில் ஈஸ்ட் இருக்கும், சூடு போதாவிட்டால் அது பிழைத்துக்கொண்டு வாயுவை உண்டாக்கும். 1869இல் அமெரிக்காவில் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர், நிரப்பிய புட்டிகளைச் சூடாக்கித்தான் புளிக்காத ரசத்தை உண்டாக்கினார்.

பன்னீர் திராட்சை ஒரு கிலோ, தண்ணீர் அரை லிட்டர். எவர்சில்வர் பாத்திரத்தில் தோல் வெடிக்கும்வரை கொதிக்கவிட்டு மசித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். வடித்த சாறை மறுபடி கொதி வரும்வரை காய்ச்சி, வெந்நீரில் கழுவிய புட்டியில் சூடாகவே ஊற்றி மூடுங்கள். அலுமினியமும் பித்தளையும் வேண்டாம், புளிப்பு பிடித்து ருசி கெடும். புதன்கிழமை காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்தால் வியாழனுக்கு நன்றாக இருக்கும்.

மேசை விரிப்பில் ரசம் சிந்தினால் உடனே பச்சைத்தண்ணீர் மட்டும். சோப்பு போட்டால் கறை நீலமாகிவிடும்.