முன்னாள் சோவியத் நாடுகளுக்கு ஒரே சரக்குப் போக்குவரத்துச் சட்டம் வேண்டுமா?

வழக்குமன்றம்:
1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் உள்நாட்டுச் சரக்கெல்லாம் பன்னாட்டுச் சரக்காகிவிட்டது. தாஷ்கெண்டில் பருத்தி ஏற்றி மாஸ்கோ போன ரயில் அதுவரை நாட்டு எல்லை என்று ஒன்றைக் கண்டதில்லை. பிறகு 15 நாடுகள், 15 சட்டங்கள். கையிருப்பில் இருந்ததோ அரசே லாரி ஓட்டிய காலத்துச் சட்டம்; பிறர் சரக்கை அனுப்பிவைக்க ஏற்பாடு செய்யும் தனியார் சரக்கு முகவர் என்று ஒருவர் வருவார் என்றே அது நினைத்துப் பார்க்கவில்லை. ரஷ்யாவே முகவர்களுக்கான தனிச்சட்டத்தை 2003இல்தான் இயற்றியது, சாலைப் போக்குவரத்துச் சட்டத்தை 2007இல். எல்லா நாடுகளும் ஒரே வாசகத்தைத் தம் சட்டமாக ஏற்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

லாரிப்பட்டறை:
வாசகத்துக்கா பஞ்சம் ஐயா? 1956ஆம் ஆண்டின் ஜெனீவா சாலைச் சரக்கு உடன்படிக்கை, அதாவது சி.எம்.ஆர்., இருக்கிறதே. கஜகஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் 1995இலேயே அதில் சேர்ந்துவிட்டன. லாரி நிற்பது சோதனைச் சாவடியில். கிர்கிஸ்தானும் கஜகஸ்தானும் ஒரே யுரேசியப் பொருளாதார ஒன்றியத்தின் உறுப்பினர்கள். நடுவில் சுங்கமே இல்லை. ஆனாலும் 2017 அக்டோபரில் கிர்கிஸ் அதிபர் கஜகஸ்தான் தலைமையைக் கடுமையாகப் பேசினார்; உடனே எல்லைச் சோதனை இறுகியது, லாரிகள் வாரக்கணக்கில் வரிசை கட்டின. அன்று எந்தச் சட்டப் பிரிவு மாறியது, சொல்லுங்கள்?

வழக்குமன்றம்:
கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். கிர்கிஸ்தான் அந்தப் புகாரை ஒன்றியத்தின் ஆணையத்துக்கும் உலக வர்த்தக அமைப்புக்கும் கொண்டுபோனது. ஒப்பந்தம் எழுத்தில் இல்லையென்றால் எதைக் காட்டி முறையிட்டிருக்கும்? சி.எம்.ஆரும் எல்லை தாண்டும் பயணத்துக்கு மட்டும்தான். அதே லாரி ஒரு நாட்டுக்குள்ளேயே சரக்கை ஏற்றி இறக்கினால் அந்தந்த ஊர்ச் சட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

லாரிப்பட்டறை:
முறையிட்டார்கள், சரி. தீர்ந்தது எப்போது? புதிய அதிபர் பதவிக்கு வந்து நேரில் பேசிய பிறகு.

தண்டவாளம்:
இருவரும் லாரியை விட்டு இறங்க மாட்டீர்கள் போலிருக்கிறது. ரயிலில் பழைய ஒற்றுமை பெரும்பாலும் உடையவே இல்லை. சோசலிச நாடுகள் 1951இல் செய்துகொண்ட எஸ்.எம்.ஜி.எஸ். என்ற ரயில் சரக்கு உடன்பாடு இன்றும் அந்தப் பகுதியில் ஓடுகிறது. சிக்கல் அதன் மேற்கு விளிம்பில். பெலாரஸின் பிரெஸ்டில் 1520 மி.மீ. தண்டவாளம் முடிந்து 1435 மி.மீ. தொடங்குகிறது, சட்டமும் அங்கேதான் மாறுகிறது, ஐரோப்பாவின் சி.ஐ.எம். விதிக்கு.

அல்மாட்டியில் ஒரு சரக்கு முகவரிடம் வேலை பார்த்தேன். 2005இல் போலந்திலிருந்து இயந்திர உதிரிபாகங்களுடன் ஒரு கன்டெய்னர் வந்தது. பிரெஸ்டில் கிரேன் அதைத் தூக்கி அகலப்பாதை வேகனில் வைத்துவிட்டது, அது சில நிமிட வேலை. பக்கத்து அறையில் ஒருவர் ஐரோப்பியச் சரக்குச் சீட்டைப் பார்த்து எஸ்.எம்.ஜி.எஸ். சீட்டை ரஷ்ய மொழியில் புதிதாக நிரப்ப வேண்டும். 18,400 கிலோ அவர் கையில் 14,800 ஆயிற்று. பெட்டி நின்றுவிட்டது.

சரக்கு உடைந்திருந்தால் இன்னும் வேடிக்கை. சி.ஐ.எம். விதியில் இழப்பீட்டுக்குக் கிலோவுக்கு உச்சவரம்பு உண்டு, சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகில் 17. எஸ்.எம்.ஜி.எஸ். சரக்கின் மதிப்பைப் பார்க்கும். ஆகவே விலை உயர்ந்த சரக்கு என்றால், "பிரெஸ்டுக்குக் கிழக்கே உடைந்தது" என்பார் உரிமையாளர். ரயில்வே கையை மேற்கே நீட்டும். 2006 முதல் இரண்டு விதிக்கும் பொதுவான ஒரே சீட்டு வந்திருக்கிறது. திரும்ப எழுதும் வேலை போயிற்று, இழப்பீட்டுச் சண்டை போகவில்லை.

வழக்குமன்றம்:
நான் கேட்பதும் அதைத்தானே! இழப்பீட்டு விதியை ஒன்றாக்குங்கள்.

லாரிப்பட்டறை:
யாருடைய விதியாக? ஐரோப்பிய ஒன்றியம் 1993இல் தொடங்கிய டிராசெகா என்ற ஐரோப்பா-காகசஸ்-ஆசியா போக்குவரத்துப் பாதைத் திட்டத்துக்கு 1998இல் பாகுவில் ஒப்பந்தம் போட்டார்கள்; ரஷ்யா அதில் இல்லை. யுரேசிய ஒன்றியத்தில் ரஷ்யாதான் பெரியண்ணன். அஜர்பைஜானும் ஜார்ஜியாவும் அந்தப் பக்கமே போகவில்லை. கஜகஸ்தான், கிர்கிஸ்தான், ஆர்மீனியா இரண்டிலும் கால் வைத்திருக்கின்றன. ஒரே வாசகம் என்று நீங்கள் சொன்னதும் முதலில் வரும் தகராறு, பேனாவை யார் பிடிப்பது என்பதுதான். இழப்பீட்டோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் எனக்கும் சம்மதம். "எல்லாச் சட்டமும் ஒன்று" என்றால் வேண்டாம்.

வழக்குமன்றம்:
தொடக்கத்தில் நான் கேட்டது அதைவிடப் பெரிது, ஒப்புக்கொள்கிறேன். தண்டவாளம் ஐயா, அந்தப் பெட்டி என்ன ஆயிற்று?

தண்டவாளம்:
பதினொரு நாள் கிடந்தது. போலந்திலிருந்து மூலச் சீட்டின் நகலைத் தொலைநகலில் அனுப்பினார்கள். அதில் 8க்கும் 4க்கும் வித்தியாசமே தெரியவில்லை. கடைசியில் வேகனை எடை மேடையில் ஏற்றிப் பார்த்து விட்டுவிட்டார்கள்.