மழைக்காலத்தில் ஆலய மணி அடிக்கும் பிள்ளைகளைச் சோர்ந்துபோகாமல் எப்படிக் காப்பது?

கேள்வி – கிருஷ்ணகிரிப் பங்கு இளைஞர்

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு சிற்றூர்க் கத்தோலிக்கப் பங்கில் (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த சபையில்) ஆலய மணி அடிக்கும் குழுவை நான் கவனித்துவருகிறேன். ஒன்பது பேர் இருந்த குழுவில் நான்கு பேர்தான் மிஞ்சியிருக்கிறோம். பெரியவர்கள் ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலைக்குப் போய்விட்டார்கள், சிறுவர்களுக்கோ மழை பிடித்துக்கொண்டால் விடியற்காலையில் எழுந்து வர மனம் வருவதில்லை. ஆனால் செபமாலை மாதமான அக்டோபர், நவம்பர் 2 கல்லறைத் திருநாள், கிறிஸ்து அரசர் பெருவிழா, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் என்று மணிக்கு ஓயாத வேலை இருப்பதும் இந்த மாதங்களில்தான்.

போதாக்குறைக்கு, சென்ற வாரம் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், காலை, நண்பகல், மாலை அடிக்கும் மூவேளை செப மணியை ஒரு மாலையில் களைப்பில் விட்டு விட்டு அடித்துவிட, அதைத் துக்க மணி என்று எண்ணி நான்கைந்து பேர் குடையோடு கோயில் வாசலுக்கு வந்து, "யார் தவறியது?" என்று கேட்டுவிட்டார்கள். அன்று முதல் அவன் கயிற்றைத் தொடுவதில்லை. மணியோசையைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் தானாக ஒலிக்கவிடலாம் என்று பங்குப் பேரவையில் சிலர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். காலாண்டுத் தேர்வு விடுமுறையிலிருந்து டிசம்பர் வரை இந்தப் பிள்ளைகளுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பதில் 1 – ஓய்வுபெற்ற உபதேசியார், தருமபுரி

தம்பி, நம் தருமபுரி மறைமாவட்டம் 1997 இல் சேலத்திலிருந்து பிரிவதற்கு முன்பே கயிறு பிடித்தவன் நான். முதலில் அந்தச் சிறுவனிடம் பேசுங்கள். மழையில் குடை பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள் என்றால் ஊர் இன்னும் மணியைக் காதுகொடுத்துக் கேட்கிறது என்று பொருள். ஒலிபெருக்கி கேட்கும் பேரவைக்கும் இதையே சொல்லுங்கள்.

மூவேளை மணிக்கு மும்மூன்று அடியாக மூன்று முறை அடித்து, பின்பு தொடர்ந்து அடிக்க வேண்டும். இடைவெளிக்குக் கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. 'அருள் நிறைந்த மரியே' செபத்தை வாய்க்குள் ஒருமுறை சொல்லி முடிக்கும் நேரம்தான் கணக்கு. அவசரக்காரப் பையனையும் இந்தச் செபம் நிதானத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

கல்லறைத் திருநாளன்று, அந்த ஆண்டில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, ஒரு பெயருக்கு ஓர் அடி என்று அடிக்க வையுங்கள். அந்தப் பொறுப்பை அவனிடமே கொடுங்கள். நிறுத்தி நிறுத்தி அடிக்கத்தான் அவனுக்கு ஏற்கெனவே தெரியுமே!

இன்னொன்று, கயிறு. சணல் கயிறு ஈரத்தில் இறுகிச் சுருங்கும். செப்டம்பரில் சரியாக இருந்த நீளம் நவம்பரில் சிறியவர்கள் கைக்கு எட்டாது. அவர்கள் எம்பிப் பிடித்து இழுக்கும்போதுதான் தாளம் கெடுகிறது. மழைக்கு முன்னும் பின்னும் நீளத்தைச் சரிபாருங்கள்.

பதில் 2 – ஓசூரிலிருந்து ஒருவர்

உபதேசியார் ஐயா சொன்னதோடு ஒரு விளையாட்டையும் சேர்க்கலாம். இங்கிலாந்தில் பல மணிகளை ஒவ்வொரு சுற்றிலும் வரிசை மாற்றி அடிக்கும் கலை உண்டு. அதற்கேற்ற எட்டு மணிகள் நம் நாட்டில் புனே நகரத் தேவாலயம் ஒன்றிலும் இருக்கின்றன. எட்டு மணிகளை 40,320 வரிசைகளில் அடிக்கலாம். 1963 இல் லஃப்பரோ நகரில் எட்டுப் பேர் அத்தனையையும் இடைவிடாமல் 17 மணி 58 நிமிடத்தில் அடித்து முடித்தார்கள். நமக்கு நான்கு பேர் போதும், 24 வரிசைதான். மணி கூட வேண்டாம். மழை கொட்டும் மாலையில் மறைக்கல்வி அறையில் நான்கு எவர்சில்வர் டம்ளர்களில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் தட்டிப் பழகட்டும். தன் முறை வரும்வரை கையை அடக்கி வைத்திருப்பதுதான் இதில் கடினம்; பெரிய மணிக்கும் அதுவே வேண்டும்.

மணியின் நாக்கில் நேராகக் கயிறு கட்டி இழுக்கும் வழக்கம் உங்கள் ஊரில் இருந்தால் எச்சரிக்கை தேவை. ஏறத்தாழ நான்கு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் கலந்து வார்த்த மணி கடினமானதுதான், ஆனால் எளிதில் விரிசல் விடும். நாக்கை மணியோடு அழுத்திப் பிடிக்காமல், தட்டியவுடன் விலகவிடப் பழக்குங்கள்.

பதில் 3 – பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய்

என் மகனும் மணி அடிப்பவன். எனக்கு இடிதான் பயம். இடியை விரட்டுவதாக நம்பி மணியடித்த பலர் பழைய ஐரோப்பாவில் மின்னல் தாக்கி இறந்திருக்கிறார்கள். இடிச் சத்தம் கேட்டால் கயிற்றை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் வந்துவிட வேண்டும் என்பதை விதியாகவே எழுதி ஒட்டுங்கள். அன்று மட்டும் ஒலிபெருக்கி ஒலிக்கட்டுமே.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அம்மா சொன்னதை ஏற்றுக்கொள்கிறோம்; இடி நாட்களுக்கு மட்டும் ஒலிபெருக்கி என்று பேரவையில் பேசப்போகிறேன். நேற்று மாலை அந்தச் சிறுவனின் வீட்டுக்குப் போய்க் கல்லறைத் திருநாள் பொறுப்பைப் பற்றிச் சொன்னேன். இந்த ஆண்டு எத்தனை பெயர்கள் என்று கேட்டான். பதினொன்று என்றேன். சனிக்கிழமை வருகிறானாம், டம்ளர்களை அவன் வீட்டிலிருந்தே கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.