மாதம்மாள் பேரப்பிள்ளைகள் (குடும்பக் குழு)

23 டிசம்பர் 2025, செவ்வாய்

சாந்தி அத்தை: பலமுறை பகிரப்பட்டது
"வருமான வரித் துறை அறிவிப்பு. மாணவர்களுக்கும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் பிடித்த வரி முழுவதும் திரும்பக் கிடைக்கும். கீழே உள்ள லிங்கைத் தொட்டு வங்கி விவரம் பதியவும். இன்றே கடைசி."

சாந்தி அத்தை: நம்ம கோகுலுக்கு ஆகுமா

கவிதா: அத்தை அதைத் தொடாதீர்கள்

கவிதா: யாருமே தொடாதீர்கள்

சாந்தி அத்தை: தொட்டுவிட்டேனே. சுற்றிக்கொண்டே இருந்தது, திறக்கவில்லை. இங்கே பாலக்கோட்டில் மத்தியானத்திலிருந்து டவர் சரியில்லை

கவிதா: டவர் வாழ்க

சின்னராஜ் சித்தப்பா: ஞாயிறு அப்பா படையலுக்கு எத்தனை பேர் வருகிறீர்கள் என்று நேற்றிலிருந்து கேட்கிறேன். கறிக்குச் சொல்ல வேண்டும்

முருகேசன் மாமா: பகுதி 1. லிங்க் பொய். வரித் துறை வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி வங்கி விவரம் கேட்காது. ஆனால் விஷயம் பொய் இல்லை. கோகுல் 2024 ஜூலை முதல் 2025 பிப்ரவரி வரை ஓசூரில் ட்ரெய்னிங் போனான். மாதம் 15,000. அதில் 1,500 வரியாகப் பிடித்துக்கொண்டு 13,500தான் கொடுத்தார்கள். 8 மாதத்துக்கு 12,000. அந்த வருஷத்துக்குப் புதிய வரி முறையில் 3 லட்சம் வரை வரியே கிடையாது. இவனுக்கு மொத்தமே 1,20,000. ஆகவே அந்த 12,000 அவன் பணம். கேட்டால்தான் வரும், தானாக வராது.

தீபா அண்ணி: மாமா ரிட்டயர் ஆகி 6 வருஷம் ஆகியும் ட்ரெஷரி மூடவில்லை

கோகுல்: மாமா, வரித் துறை போர்ட்டலில் 26ஏஎஸ் (பிடித்த வரியின் பட்டியல்) பார்த்தேன். 12,000 என் பான் நம்பரில் ஏறியிருக்கிறது

முருகேசன் மாமா: நல்லது. அது ஏறாமல் இருந்தால்தான் கம்பெனியின் பின்னால் அலைய வேண்டும்.

சின்னராஜ் சித்தப்பா: 12,000 என்கிறீர்களே, இத்தனை நாள் இவன் என்னிடம் சொல்லவே இல்லை

கோகுல்: சொன்னேன்பா. டிராக்டர் டயர் பற்றிப் பேசிக்கொண்டு இருந்தீர்கள்

முருகேசன் மாமா: பகுதி 2. வருமான வரிக் கணக்குப் போட செப்டம்பர் 16ஆம் தேதியே கெடு போய்விட்டது. இனி தாமதக் கணக்குதான், அதற்கு 31 டிசம்பர் கடைசி. அபராதம் என்று பயப்பட வேண்டாம், வருமானம் அந்த 3 லட்சத்துக்குள் இருப்பதால் இவனுக்குக் கிடையாது. 194ஜே பிரிவில் பிடித்திருக்கிறார்கள், அதாவது சம்பளமாகக் காட்டவில்லை, தொழில்முறைக் கட்டணமாகக் காட்டியிருக்கிறார்கள். அதனால் எல்லோரும் போடுகிற ஐடிஆர் 1 படிவம் ஆகாது, 4 அல்லது 3. இதில் மாற்றிப் போட்டால் நோட்டீஸ் வரலாம். வங்கிக் கணக்கை முதலில் போர்ட்டலில் சரிபார்த்து வைக்க வேண்டும், இல்லையென்றால் ரீஃபண்ட் அந்தரத்தில் நிற்கும்.

சாந்தி அத்தை: இவர் இதையே சாப்பாட்டு நேரத்திலும் சொல்கிறார்

கோகுல்: பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தர் 1,000 கொடுத்தால் போட்டுத் தருகிறேன் என்றார். வாடகை ரசீது வைத்தால் இன்னும் அதிகமாக வருமாம்

முருகேசன் மாமா: பிடித்ததே 12,000. அதற்கு மேல் எங்கிருந்து வரும்? அரசாங்கம் மொய் வைக்குமா?

கவிதா: மாமா 😂

தீபா அண்ணி: என் தம்பிக்கு 2023-24இல் 6,000 பிடித்தார்கள். அது போனதா

முருகேசன் மாமா: அதற்கான கெடு இந்த வருஷம் ஜனவரி 15ஆம் தேதியே முடிந்தது. ஆனால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 வருஷத்துக்குள். அவனுக்கு 2030 மார்ச் வரை. காரணம் எழுத வேண்டும்.

தீபா அண்ணி: சோம்பேறித்தனம் என்று எழுதலாமா

சின்னராஜ் சித்தப்பா: கறி

சாந்தி அத்தை: தம்பி, நாங்கள் 4 பேர். அப்பாவுக்குக் களியும் கருவாட்டுக் குழம்பும் கட்டாயம் வைக்க வேண்டும். போன வருஷம் மறந்துவிட்டு மூன்று நாள் கனவில் வந்தார்

கோகுல்: மாமா ஒரு சிக்கல். கடைசியில் சரிபார்க்க ஆதார் ஓடிபி கேட்கும் அல்லவா. ஆதாரில் இருப்பது என் நம்பர் இல்லை

முருகேசன் மாமா: யாருடையது?

கோகுல்: 94ல் தொடங்குகிற பழைய நம்பர்

கோகுல்: ஸ்கூலில் ஆதார் எடுத்தபோது கொடுத்தது. அப்போது வீட்டில் பெரியப்பாவிடம் மட்டும்தான் போன் இருந்தது

சாந்தி அத்தை: ஐயோ

தீபா அண்ணி: ஞாயிற்றுக்கிழமை நான் வடை போடுகிறேன்

சின்னராஜ் சித்தப்பா: நம்பரை மாற்றிக்கொள்.

கோகுல்: மாற்ற ஆதார் சென்டர் போக வேண்டும்பா. நடுவில் கிறிஸ்துமஸ் லீவு வேறு

முருகேசன் மாமா: பகுதி 3. ஓடிபி இல்லாமலும் வழி உண்டு. ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளை அச்செடுத்து, பேனாவால் கையெழுத்துப் போட்டு, 30 நாளைக்குள் பெங்களூருவில் கணக்குகளைப் பரிசீலிக்கும் வரித் துறை மையமான சிபிசிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம்.

கவிதா: நான் ஓசூரில்தானே இருக்கிறேன், நேரில் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா

முருகேசன் மாமா: நேரில் வாங்க மாட்டார்கள். தபால் மட்டும். அதுவும் போய்ச் சேர்ந்த பிறகுதான் கணக்கைப் பார்ப்பார்கள். ஓடிபி என்றால் அந்த நிமிடமே முடிந்துவிடும். வந்த ஓடிபிக்கு 15 நிமிடம்தான் உயிர். போனை வைத்திருப்பவரும் லேப்டாப் வைத்திருப்பவரும் ஒரே நேரத்தில் பேசியாக வேண்டும்.

சின்னராஜ் சித்தப்பா: தபாலிலேயே போகட்டும்

சாந்தி அத்தை: அண்ணனோடு போர்வெல் தண்ணீர்ச் சண்டைக்கும் பையன் பணத்துக்கும் என்னடா சம்பந்தம்

சின்னராஜ் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவிதா: சித்தப்பா நான் படித்துவிட்டேன்

கவிதா: அப்பாவும் படித்திருப்பார். நீல டிக் விழுந்திருக்கிறது

முருகேசன் மாமா: சரி. ஞாயிறு படையல் முடிந்ததும் கோகுல் லேப்டாப்பை எடுத்து வரட்டும். 28ஆம் தேதி ஆகிவிடும், அதற்கு மேல் தள்ளக் கூடாது. தீபா தம்பியும் வரலாம்.

தீபா அண்ணி: அவன் எழுந்தால்

கோகுல்: ரீஃபண்ட் வந்தால் எல்லோருக்கும் பிரியாணி

சின்னராஜ் சித்தப்பா: டயர்

மாதையன் பெரியப்பா: அந்த சிம் பழைய நோக்கியாவில் இருக்கிறது. ரீசார்ஜ் போன மாதம்தான் போட்டேன். சார்ஜர்தான் காணோம்.

கவிதா: அப்பா!!

சாந்தி அத்தை: அண்ணா நீங்கள் ஞாயிறு வருகிறீர்கள்தானே. எத்தனை பேர்

கோகுல்: பெரியப்பா நான் சார்ஜர் தேடிப் பார்க்கிறேன்

முருகேசன் மாமா: பகுதி 4. சார்ஜர் இல்லையென்றால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போடலாம். ஆனால் அளவு பொருந்த வேண்டும், பழைய சிம் பெரிதாக இருக்கும்

இரவு 9:40

சின்னராஜ் சித்தப்பா: சின்ன பின்னா, பெரிய பின்னா

மாதையன் பெரியப்பா: சின்ன பின்.

சின்னராஜ் சித்தப்பா: இங்கே ஒன்று கிடக்கிறது

சாந்தி அத்தை: கறி எத்தனை கிலோ என்று யாராவது சொல்லுங்களேன்