மறு: "நியோநேட்டல் அப்ஸ்டினன்ஸ் சிண்ட்ரோம்" – தமிழில் என்ன?

> "போதைக்கு அடிமையான சிசு" என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, தவறாகப் புரியும். கேடு என்று தெரிந்தும் தேடிப் போவதுதான் அடிமைத்தனம். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை எதைத் தேடிப் போனது? கருவிலிருந்தபோது தொப்புள்கொடி வழியே ஹெராயினோ மெத்தடோனோ வந்துகொண்டிருந்தது. உடல் அதற்குப் பழகிவிட்டது. கொடியை வெட்டியதும் வரத்து நின்றுபோகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்குள் கீச்சென்ற அழுகை, நடுக்கம், ஓயாத தும்மல், பால் குடிக்கத் திணறல், வயிற்றுப்போக்கு.

"போதை" என்ற சொல் தாயையும் கூண்டில் ஏற்றிவிடும். ஓபியாய்டு (ஹெராயின் போன்ற அபின் வகை மருந்து) பழக்கமுள்ள கர்ப்பிணியைச் சட்டென்று நிறுத்தச் சொல்லாமல் மெத்தடோன் அல்லது புப்ரினார்ஃபின் என்ற மாற்று ஓபியாய்டைக் கொடுப்பதுதான் சிகிச்சை. சொன்னபடி மருந்து சாப்பிட்டவரின் பிள்ளைக்கும் இது வரலாம். மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் எடுத்தவரின் பிள்ளைக்கும் சில நாள் லேசான நடுக்கம், சிணுங்கல் இருப்பதுண்டு (அதற்குத் தனிப்பெயர் இருக்கிறது, பெரும்பாலும் தானே அடங்கும். இதற்குப் பயந்து மாத்திரையைத் தாமாகவே நிறுத்திச் சோர்வை முற்றவிடுவதுதான் பெரிய ஆபத்து).

ஆங்கிலப் பெயரும் ஒழுங்கில்லை. அப்ஸ்டினன்ஸ் என்றால் நோன்பு. பிள்ளை என்ன விரதமா இருக்கிறது? "விலகல்" என்றால், விலகியது யார்? "மருந்து நிறுத்தம்" பிறவினை. நிறுத்தியவர் ஒருவர் வேண்டும். தன்வினையாக "நிற்றல்" என்று வைத்துப் பார்த்தேன். அது மருந்து உடம்பிலேயே தங்கிவிட்டது போல ஒலிக்கிறது!

குளத்துக்கு நீர்வரத்து அற்றுப்போவது போன்றதுதான் இதுவும். ஆகவே வரத்தறவு, "அறவே இல்லை" என்கிறோமே, அந்த அறவுதான். முழுப்பெயர்: பச்சிளங்குழந்தை வரத்தறவு நோய்த்தொகுதி.

———

மறு: மறு:

வார்டில் சொல்லிப் பார்த்தேன் (மனசுக்குள்தான்). "வரத்தறவு" அகராதிக்கு. தாயிடம், "உங்க உடம்பிலேருந்து வந்த மருந்து நின்னுபோச்சும்மா, அதான் நடுங்குது" என்றால் போதும். சொல்லும் விளக்கமும் ஒட்டி வருவது பிடித்திருக்கிறது. சிகிச்சையும் இதிலேயே விளங்கிவிடும்: மங்கலான அறை, மார்போடு அணைப்பு, தடையில்லாவிட்டால் தாய்ப்பால், இவற்றுக்கும் அடங்காவிட்டால் மார்ஃபின் (அதுவும் ஓபியாய்டுதான்) சொட்டு கொடுத்துப் படிப்படியாகக் குறைப்போம். அறுந்த வரத்தை மெல்ல வடியவிடுகிறோம், அவ்வளவுதான்.

அறிகுறிகளின் கடுமையை அளக்க 1970களில் அமெரிக்க மருத்துவர் ஃபின்னகன் வகுத்த மதிப்பெண் பட்டியலையும் "வரத்தறவு மதிப்பெண்" என்று சொல்லிவிடலாம்.

ஒரே ஒரு தடை. கருவில் மதுவால் வரும் பாதிப்பை (1973இல் சியாட்டில் மருத்துவர்கள் பெயரிட்டது) இதற்குள் அடைத்துவிடாதீர்கள். இது வரத்து நின்றதால் வருவது, அது வரத்து வந்ததால் வருவது. இது சில வாரங்களில் தணியும், அது ஆயுளுக்கும் தொடரும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.