டிக்ளரேட்டிவ் அமைவு: அறிவிப்பா, விவரணமா, வியங்கோளா?

குழுவினருக்கு வணக்கம்.

நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் கையேட்டுத் தமிழாக்கம் 'டிக்ளரேட்டிவ்' என்ற ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த மடலில் பதில் எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்தருள்க.

புதிதாக வந்தவர்களுக்கு முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். உபுண்டு, டெபியன் போன்ற மற்ற லினக்ஸ் இயங்குதளங்களில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் முனையத்தைத் திறந்து 'இதை நிறுவு' என்று கட்டளை கொடுக்கிறோம். நாளைக்கு இன்னொன்று, அடுத்த மாதம் வேறொன்று. இரண்டு வருடம் கழித்து அந்த மடிக்கணினியில் என்னென்ன இருக்கிறது, எது எதற்காக வந்தது என்று கேட்டால் உரிமையாளருக்கே தெரியாது. நிக்ஸ்ஓஎஸில் வழி வேறு. கணினி எப்படி இருக்கவேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதிவைக்கிறோம். நேர மண்டலம், பயனர்கள், எழுத்துருக்கள், நிறுவப்பட வேண்டிய மென்பொருள்கள் எல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்து அமைப்பு முழுவதையும் கட்டித்தருவது நிக்ஸ் என்ற மென்பொருள் நிறுவும் கருவியின் வேலை. பட்டியலிலிருந்து ஒரு வரியை அழித்துவிட்டு மறுபடி கட்டச் சொன்னால், புதிய அமைவில் அந்த மென்பொருள் இருக்காது. எதையும் மாற்றாமல் மறுபடி கட்டச் சொன்னாலோ ஒன்றும் மாறாது.

இந்த யோசனைக்கு வயது அதிகம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் எல்கோ டோல்ஸ்ட்ரா 2003 வாக்கில் நிக்ஸைத் தொடங்கினார். 2006இல் அதையே முனைவர் பட்ட ஆய்வேடாகவும் தந்தார். நிக்ஸ்ஓஎஸ், ஆர்மைன் ஹெமல் அதே காலத்தில் செய்த முதுநிலை ஆய்விலிருந்து பிறந்தது. பிறகு வந்த குனூ கைக்ஸ் என்ற இயங்குதளமும் இதே வழிதான், எழுதும் மொழி மட்டும் ஸ்கீம். ஆகவே நாம் தேர்ந்தெடுக்கும் சொல் இரண்டுக்கும் பொருந்தவேண்டும்.

இனி பரிந்துரைகள்.

> 'அறிவிப்பு அமைவு' என்றே வைத்துவிடலாமே? நிரலாக்கப் பாடங்களில் ஏற்கெனவே 'அறிவிப்பு' இருக்கிறதே.

இருக்கிறது. ஆனால் கைப்பேசியைத் தமிழில் வைத்திருப்பவர் யாரிடமாவது 'அறிவிப்பு அமைவு' என்று சொல்லிப் பாருங்கள். வாட்ஸப் மணியடிப்பதை நிறுத்தும் இடத்தைத்தான் திறந்து காட்டுவார். நோட்டிஃபிகேஷனுக்கு 'அறிவிப்பு' என்பது ஊன்றிவிட்டது, இனி பிடுங்க முடியாது. கையேட்டின் முதல் பக்கத்திலேயே வாசகர் வேறு திசையில் போய்விடுவார்.

> 'சாற்றமைவு', 'விளம்பமைவு'?

முதலாவது பழச்சாறு. இரண்டாவது விளம்பரம். ஐயா மன்னிக்கவேண்டும், வேர்ப்பொருள் சரியாக இருந்தாலும் காதில் விழும்போது வேறு ஒன்றாகிவிடுகிறது.

> 'விவரண அமைவு' எளிமை. கணினி எப்படி இருக்கிறது என்று விவரிக்கிறோம், அவ்வளவுதானே?

இதில்தான் எனக்கு உண்மையான கருத்து வேறுபாடு. கோப்பு, கணினி இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்வதில்லை. எப்படி இருக்கவேண்டும் என்று சொல்கிறது. நிக்ஸ்ஓஎஸை நிறுவும்போது வன்பொருள் அமைவுக்கென்று தனியாக ஒரு கோப்பு தானாக உருவாகுமல்லவா? எந்த வட்டுப் பிரிவு எங்கே இணைகிறது, எந்தக் கர்னல் கூறுகள் தேவை என்று கணினியைப் பார்த்து எழுதியது அது. அதை விவரணம் என்றால் ஒத்துக்கொள்வேன். ஆனால் நாம் கையால் எழுதும் முதன்மைக் கோப்பு அந்த வகையல்ல. அதில் ஃபயர்ஃபாக்ஸ் என்று எழுதும் நேரத்தில் கணினியில் ஃபயர்ஃபாக்ஸே கிடையாது. இல்லாததை எப்படி விவரிப்பது?

சரி, நான் முன்வைப்பது இது. பழைய முறையை, அதாவது இம்ப்பெரேட்டிவ் என்பதை, 'ஏவல் முறை' என்போம். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். நிறுவு, நீக்கு, திற, மூடு எல்லாம் ஏவல் வினைகளே. ஏவலுக்கு நம் இலக்கணம் பக்கத்திலேயே ஒரு இணையை வைத்திருக்கிறது: வியங்கோள்.

பள்ளியில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். ஏவல் முன்னிலையில் மட்டும் வரும், எதிரே ஒருவர் நிற்கவேண்டும். வியங்கோளுக்கு அது தேவையில்லை. மழை பெய்க, நாடு வாழ்க என்று சொல்லும்போது யாருக்கும் கட்டளை இடவில்லை. ஒரு நிலை ஏற்படவேண்டும் என்கிறோம். நன்னூல் இதை மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் பொதுவாக்கிவிட்டது. தொல்காப்பியமோ வினையியலில் இன்னும் கறாராக, தன்மை முன்னிலை இரண்டிலும் வியங்கோள் நிலைத்து வராது என்கிறது. மிஞ்சுவது படர்க்கை. நிக்ஸ் கோப்பின் ஒவ்வொரு வரியும் படர்க்கையில்தான் நிற்கிறது. வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்று வியங்கோளின் பொருளைப் பிரிப்பார்கள். நமக்கு வேண்டியது விதித்தல். (கட்டுமானம் பாதியில் முறியும்போது வைதலும் உண்டு. அது பயனரின் வேலை, கோப்பின் வேலை அல்ல.)

தமிழில் தட்டச்ச ஒரு மடிக்கணினியை அமைப்பதாக வைத்துக்கொள்வோம். ஏவல் முறையில்:

ஐபஸ் உள்ளீட்டுக் கருவியை நிறுவு. அதற்குத் தமிழ் விசைப்பலகைகள் தரும் எம்17என் பொறியை நிறுவு. லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவு. நேர மண்டலத்தை மாற்று.

நிக்ஸ் கோப்பைத் தமிழில் வாய்விட்டுப் படித்தால்:

நேர மண்டலம் கொல்கத்தா ஆகுக. உள்ளீட்டு முறை ஐபஸ் ஆகுக, அதில் எம்17என் இருக்க. எழுத்துருக்களில் லோகித் தமிழ் இருக்க. அச்சுச் சேவை இயங்கற்க.

இரண்டாவதில் வரிகளை முன்பின்னாக மாற்றி எழுதினாலும் விளைவு ஒன்றே. எது முதலில் நடக்கவேண்டும் என்று கண்டுபிடிப்பது நிக்ஸின் தலைவலி. 'இயங்கற்க' என்பதையும் கவனியுங்கள். மறவற்க, துறவற்க என்று எதிர்மறைக்கும் ஈறு தயாராக இருப்பதால், ஒரு சேவையை அணைத்துவைக்கும் வரியையும் அதே நடையில் மொழிபெயர்க்கலாம்.

> வியங்கோள் என்றால் இன்றைக்கு யாருக்குப் புரியும்? அதுவும் வினாத்தாளில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று எழுதுகிறோமே, அது மாணவருக்கு இட்ட கட்டளைதானே?

இரண்டாவது பகுதி வலுவான எதிர்வாதம். இன்றைய எழுத்துத் தமிழில் க-ஈறு பெரும்பாலும் மரியாதையான ஏவலாகிவிட்டது: நிரப்புக, விடையளிக்க, அழுத்துக. அதனால் கையேட்டில் எடுத்துக்காட்டு எழுதும்போது நிறுவுக, நீக்குக போன்ற செயல் வினைகளைத் தவிர்த்து, இரு, ஆகு, இயங்கு என்ற நிலை வினைகளை மட்டும் எடுக்கலாம் என்பது என் யோசனை. 'ஃபயர்ஃபாக்ஸ் நிறுவுக' என்றால் யாரோ ஒருவர் நிறுவவேண்டும். 'ஃபயர்ஃபாக்ஸ் இருக்க' என்றால் அந்த 'யாரோ' மறைந்துவிடுகிறார். முதல் பகுதியைப் பொறுத்தவரை, 'டிக்ளரேட்டிவ்' மட்டும் எத்தனை பேருக்கு முதல் வாசிப்பில் புரிந்தது? கையேட்டில் எப்படியும் ஒரு பத்தி விளக்கம் எழுதத்தான் போகிறோம்.

> அப்படியானால் தரவுத்தளங்களுக்கான எஸ்கியூஎல்லையும் வியங்கோள் மொழி என்பீர்களா? அதையும் டிக்ளரேட்டிவ் என்கிறார்களே.

மாட்டேன். அது கேள்வி கேட்கும் மொழி, அங்கே வியங்கோள் ஒட்டாது. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு இடத்தில் வருகிறது என்பதற்காக நாமும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டியதில்லை. என் பரிந்துரை அமைவுக் கோப்புகளுக்கு மட்டும். பல கணினிகளை அமைக்க உதவும் அன்சிபிள் என்ற கருவி நடுவில் நிற்கிறது. அதன் பணிகளில் 'இந்தத் தொகுப்பு இருக்க' என்று எழுதலாம், ஆனால் அவை மேலிருந்து கீழாக வரிசையாக ஓடும். ஒரு பணியை அழித்தால் ஏற்கெனவே வந்த தொகுப்பு தானாகப் போகாது. அரை வியங்கோள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஒரு எல்லையையும் விளக்கத்தில் சேர்க்கவேண்டும். வியங்கோள் அமைவு என்றதும் கணினியில் உள்ள எல்லாமே அந்தக் கோப்பில் அடக்கம் என்று வாசகர் நினைத்துவிடக் கூடாது. வீட்டு அடைவில் இருக்கும் படங்கள், உலாவியின் வரலாறு எல்லாம் அதற்கு வெளியே. கடவுச்சொல்லை அதில் அப்படியே எழுதவும் கூடாது. கட்டியவற்றை நிக்ஸ் சேர்த்துவைக்கும் கிடங்குக்குள் போனது எதையும் அந்தக் கணினியின் எல்லாப் பயனர்களும் படிக்கலாம்.

'ஜெனரேஷன்', அதாவது மாற்றிக் கட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேரும் அமைவு, பற்றிச் சுருக்கமாக. 'தலைமுறை' நேரடியாக இருக்கிறது, ஆனால் அடுத்த இயலிலேயே 'முப்பது நாளுக்கு முந்தைய தலைமுறைகளைக் குப்பையில் போடு' என்று எழுதவேண்டி வரும். வேண்டாம். '42ஆம் அமைவு', '43ஆம் அமைவு' என்று எண்ணோடு சொன்னால் போதும். பூட் பட்டியலிலும் அவை எண்ணோடுதான் வரிசையாக நிற்கின்றன. புதியது சரிப்படவில்லை என்றால் பழைய எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கணினியைத் தொடங்கலாம். 'ரோல்பேக்' என்பதற்கு 'முந்தைய அமைவுக்குத் திரும்பு'.

கடைசியாக, இன்னும் முடிவாகாத ஒன்று. கோப்பு முழுக்க வியங்கோளாக இருந்தாலும், 'இனி இதைக் கட்டு' என்று முனையத்தில் ஒரு ஏவல் கொடுத்தே ஆகவேண்டும். அதற்கு முக்கியமாக மூன்று வடிவங்கள்: ஸ்விட்ச் என்றால் உடனே புதிய அமைவுக்கு மாறி, அடுத்த தொடக்கத்துக்கும் அதையே வைக்கும். பூட் என்றால் இப்போது தொடாது, அடுத்த தொடக்கத்தில்தான் மாறும். டெஸ்ட் என்றால் இப்போதே மாறும், ஆனால் பூட் பட்டியலில் ஏறாது. 'மாறு', 'சோதி' இரண்டும் எளிது. நடுவில் உள்ளதற்கு 'அடுத்து மாறு' என்று எழுதிவைத்திருக்கிறேன், எனக்கே அது பிடிக்கவில்லை. நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள், அந்த இடத்தை விட்டுவிட்டு இரண்டாம் இயலைத் தொடங்குகிறேன்.